தீர்ப்பு உண்டு, உரை இல்லை

ஐம்பது வருஷங்களாக நான் ஜெயித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தைப் போன தை மாதம் அண்ணாமலை நகரில் தோற்றுவிட்டேன். என்னைத் தோற்கடித்தது என் எதிராளி அல்ல. அவருடைய பேத்தியின் கைப்பேசி.

ஆட்டம் நடந்தது 1972-ல். ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதிக்கொண்ட வருஷம். விடுதியில் எங்களுக்கெல்லாம் பாடப் புத்தகத்தைவிடச் சதுரங்கப் பலகைதான் பிரதானம். ஒரு ராத்திரி, வராந்தா விளக்கடியில், என் அறை நண்பனுடைய ராஜாவுக்குக் காவல் நின்ற சிப்பாயை என் பிஷப்பால் வெட்டினேன். பிஷப் போய்விடும் என்று தெரிந்தேதான் வெட்டினேன். ராஜா பிஷப்பை எடுத்தது. என் குதிரை பாய்ந்து செக் சொன்னது. ராஜா பழைய மூலைக்கே ஓடி ஒளிந்தது. ராணி வந்தாள்; கதை முடிந்தது. அன்றே அதை நோட்டில் குறித்து வைத்தேன். பிறகு எத்தனை பேரிடம் அந்தத் தியாகத்தின் அழகைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. என் நாவல் ஒன்றில் கதாநாயகன் ஆடுகிற ஆட்டமும் அதுதான். அந்த அத்தியாயத்தைப் பாராட்டி வந்த கடிதங்களை நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

நண்பர் அங்கேயே ஆசிரியராக இருந்து, ஓய்வு பெற்று, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. கடலூரில் நடக்கும் போட்டிகளுக்குப் போய்வருகிறாள். நான் கொண்டுபோயிருந்த பழுப்பேறிய நோட்டை வாங்கி, நகர்த்தல்களை ஒவ்வொன்றாய்க் கைப்பேசியில் போட்டாள். திரையின் ஓரத்தில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு பட்டை நின்றது. என் பிஷப் சிப்பாயை வெட்டியதும் கறுப்பு மளமளவென்று மேலே ஏறியது.

“மெட்ராஸ் தாத்தா, இது தப்பு. மைனஸ் 1.9 காட்டுது. குதிரை செக் சொன்னதும் ராஜா பின்னால போகாம முன்னால வந்திருந்தா, நீங்கதான் தோத்திருப்பீங்க.”

நண்பருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “அம்பது வருஷமாடா! ஒரு பயலாவது எங்கிட்ட சொன்னானா?” என்று எழுந்து நின்றே விட்டார்.

எனக்கு வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தப் பெண் அடுத்ததாகத் தன்னுடைய ஆட்டங்களையும் அதே விதமாய்ப் பார்த்தாள். அவள் கண் பலகையில் இல்லை, பட்டையில் இருந்தது. “இது தப்பு, இது தப்பு” என்று தள்ளிக்கொண்டே போனாள். “ஏன் தப்பு?” என்று கேட்டேன். “மைனஸ் காட்டுதே” என்றாள். அவள் உள்ளே போன பிறகு நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “போன மாசம் கடலூர்லேருந்து வந்ததும், ‘எனக்கு ஆட வராது தாத்தா, ஒரே ஆட்டத்துல பதினேழு தப்பு’ன்னு அழுதா. விட்டுடப் போறேங்கறா. நீ ஏதாவது சொல்லேன்” என்றார்.

அன்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சதுரங்கத்தைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல, விமரிசனத்தைப் பற்றிய விஷயமும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் யந்திரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சதுரங்க எஞ்சின் என்று சொல்லப்படும் இந்த நிரல்களில் இன்று பெயர் பெற்றது ஸ்டாக்ஃபிஷ். 2008-ல் முதலில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பெயரின் அர்த்தம் காற்றில் உலர்த்திய மீன், அதாவது நம் கடலூர்த் துறைமுகத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கருவாடு. இதன் அடிப்படை யோசனை பழையது. 1950-லேயே கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் எழுதிவிட்டார்: இந்த நிலையிலிருந்து நான் இப்படி ஆடினால் அவன் எப்படி ஆடுவான், அதற்கு நான் எப்படி என்று கிளை கிளையாய்ப் பார்த்துக்கொண்டு போக வேண்டியது, கிளையின் நுனியில் நிற்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டியது, எதிராளி தனக்கு மிக நல்லதையே ஆடுவான் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் நமக்கு அதிக மதிப்பெண் தரும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது. 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த ‘டீப் ப்ளூ’ ஒரு விநாடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்த்தது. கைப்பேசியில் ஓடும் இன்றைய எஞ்சின்கள் அவ்வளவு பார்ப்பதில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் கெட்டிக்காரத்தனம் கூடியிருக்கிறது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் மதிப்பெண் போடும் வேலையை நியூரல் நெட்வொர்க் என்னும் பயிற்சி பெற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தது. அதற்கும் முன்பே மனிதன் அதனிடம் தோற்றாகிவிட்டது. இனி மனிதன்தான் உசத்தி என்று வாதாடுவது ரயிலோடு ஓட்டப் பந்தயம் வைப்பதுபோல.

யந்திரம் செய்த ஒரு பெரிய நன்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துச் சதுரங்கப் புத்தகங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஜெயித்தவன் செய்ததெல்லாம் ஆழ்ந்த திட்டம், தோற்றவன் செய்ததெல்லாம் முதலிலிருந்தே பிசகு. முடிவைப் பார்த்துவிட்டு எழுதிய உரை அது. நம் இலக்கிய விமரிசனத்திலும் இந்த வியாதி உண்டு. புத்தகம் பேர் வாங்கிவிட்டால் அதன் குறைகள்கூட உத்திகள் ஆகிவிடுகின்றன. யந்திரத்துக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆடியவன் பெயர் அதற்குத் தெரியாது, முடிவும் தெரியாது. என் ஆட்டத்தையும் அது அப்படித்தான் பார்த்தது. எனக்கு ஐம்பது வருஷம் கிடைக்காத நேர்மையான விமரிசகன் கிடைத்தான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மைனஸ் 1.9 என்னதான் சொல்கிறது? முன்பெல்லாம் 1.00 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருள். 2022 கடைசியில் ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள். இப்போது 1.00 என்றால், அந்த நிலையிலிருந்து ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யார் ஜெயிக்க? அதுதான் கேள்வி. யந்திரம் தன்னைப் போன்ற இன்னொரு யந்திரத்தோடு ஆடினால்! அதாவது அந்த எண்ணில் என் நண்பர் இல்லை. வராந்தா விளக்கு இல்லை. மணி பன்னிரண்டு இல்லை. ராஜாவைக் காவலை விட்டு வெளியே, பகைவர் நடுவே நடத்திக்கொண்டு போக இருபது வயதுப் பையனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இல்லவே இல்லை. ‘சரியான நகர்த்தல்’ என்று யந்திரம் சொல்வதும், ‘அந்த மனிதனால் அப்போது கண்டுபிடிக்கக் கூடியது’ என்று நாம் சொல்வதும் இரண்டு தனித்தனி அளவுகள். இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் தவறு ஆரம்பிக்கிறது.

இதற்குச் சமீபத்தில் உலகமே பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். சென்னையின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆறரைக்கு ஆறரை என்று சமமாய் நின்றார்கள். அந்த ஆட்டத்திலும் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். யந்திரம் டிரா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலரும் கடையைக் கட்டத் தயாராகிவிட்டார்கள். குகேஷ் கட்டவில்லை. 55-வது நகர்த்தலில் டிங் யானையை யானைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். யானைகள் வெட்டுப்பட்டால், மூலையில் நின்ற அவருடைய பிஷப்பும் தப்ப வழியில்லாமல் வெட்டுப்படும். மிஞ்சுவது தோற்கும் சிப்பாய் ஆட்டம். பார்வையாளர்களுடைய திரையில் பட்டை ஒரே விநாடியில் சாய்ந்தது. பலகைக்கு எதிரே இருந்த குகேஷுக்கோ அது உடனே தெரியவில்லை. வேறு நகர்த்தலை ஆடப் போய்ச் சட்டென்று நின்றதாக அவரே பிறகு சொன்னார். இன்னும் மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

இது சதுரங்கத்தின் முடிவு என்கிற மாதிரி முன்னாள் சாம்பியன் கிராம்னிக் வருந்தி எழுதினார். பட்டையைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில், ‘டீப் ஃபிரிட்ஸ்’ என்ற எஞ்சினோடு ஆடியபோது, அடுத்த நகர்த்தலில் மேட் என்பதைப் பார்க்காமல் ராணியை நகர்த்திவிட்டு எழுந்து போனவர் யார்? அதே கிராம்னிக்தான். அன்று அவர் உலக சாம்பியனும்கூட. இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நாள் கணக்கில் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருப்பவனுக்குக் கண் இருட்டுகிற கணம் ஒன்று வரும். அந்தக் கணத்தை நெருங்குகிறான், இதோ வந்துவிட்டது என்று எந்தப் பட்டையும் காட்டாது. குகேஷ் அதற்காகக் காத்திருந்தார்.

அண்ணாமலை நகரிலிருந்து சைக்கிளில் போனால் கோயில் கூப்பிடு தூரம். அங்கே திரையை விலக்கிச் சிதம்பர ரகசியம் காட்டுகிறார்கள். உள்ளே உருவம் கிடையாது. வெறும் வெளி, தங்க வில்வ மாலை மட்டும் தொங்குகிறது. அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பி வருபவனும் உண்டு. அதன் எதிரே நெடுநேரம் நிற்பவனும் உண்டு. எஞ்சின் காட்டும் பூஜ்யத்தையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி நிற்பதற்கும் 0.00, ஒரு பக்கத்தான் ஏழு நகர்த்தல் தொடர்ந்து ஒரே வழியைக் கண்டுபிடித்தால்தான் பிழைப்பான் என்கிற நிலைக்கும் 0.00. எண் ஒன்றே. மனிதனுக்கு ஒன்று ஓய்வு, மற்றது யுத்தம்.

தீர்ப்பே பிசகிப்போகிற இடங்களும் இருக்கின்றன. ரோஜர் பென்ரோஸ் 1994-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு நிலையைக் காட்டுகிறார். வெள்ளைக்குக் காய்கள் மிகக் குறைவு. ஆனால் சிப்பாய்கள் பலகைக்குக் குறுக்கே மதில் போல நிற்கின்றன. ராஜா மதிலுக்குப் பின்னால் சும்மா உலாவினாலே போதும், டிரா. சதுரங்கம் பழகிய சிறுவன்கூடக் கண்டுகொள்வான். ‘டீப் தாட்’ என்ற அக்காலத்து எஞ்சினோ, இனாமாகக் கிடைத்த யானையைச் சிப்பாயால் வெட்டி, தன் மதிலைத் தானே இடித்துக்கொண்டு தோற்றது. இன்றைய எஞ்சின்கள் அவ்வளவு பேதைகள் அல்ல. ஆனாலும் இப்படி அடைத்துக்கொண்ட கோட்டை நிலைகளில், ஒருபோதும் ஜெயிக்க முடியாத பக்கத்துக்கு நிறைய மதிப்பெண் போட்டுவிட்டு அவை அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். தவிர, யந்திரத்துக்கும் அடிவானம் உண்டு. ஐந்து விநாடியில் அது சொல்வதை ஐந்து நிமிஷத்தில் தானே மாற்றிக்கொள்ளும். கைப்பேசியில் அவசரமாய்த் தெரிகிற முதல் எண்ணைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பிசகே இல்லாத இடத்துக்கும் போய்ப் பார்ப்போம். பலகையில் ஏழு காய்களுக்கு மேல் இல்லாத நிலைகளை முழுக்கக் கணக்கிட்டு, 2012-ல் மாஸ்கோவில் பட்டியல் போட்டுவிட்டார்கள். அங்கே அபிப்பிராயம் என்ற பேச்சே இல்லை, சத்தியம்தான். அந்தப் பட்டியலில் ஒரு நிலை இருக்கிறது: தவறில்லாமல் ஆடினால் 549 நகர்த்தலில் மேட். அந்த 549-ஐயும் பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் பார்த்தாகிவிட்டது. பெரும்பகுதி ஏன் ஆடப்படுகிறது என்று ஒருவருக்கும் விளங்குவதாயில்லை. விடை கையில் இருக்கிறது, பாடம் இல்லை.

இங்கேதான் எனக்கு நம் உரைகாரர்களின் ஞாபகம் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் பிறப்பதற்கு முன்பே சிதம்பரத்தில் இருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரியில், 1924 முதல் 1927 வரை உ. வே. சாமிநாதையர் தலைமை வகித்தார். பழைய நூல்களைப் பதிப்பித்தபோது அவர் தமக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே போட்டார். மற்ற பிரதிகளில் கண்ட பாடபேதங்களைக் கீழே குறித்தார். படிப்பவன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்ற மரியாதை அது. பரிமேலழகரோ குறளுக்குத் தாம் கண்ட பொருளைச் சொல்வதோடு நிற்கவில்லை. வேறு விதமாய்ச் சொல்பவர்களும் உண்டு என்பார். அது ஏன் பொருந்தாது என்றும் சொல்வார். அவரோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். ஆனால் அவர் காரணம் சொன்னதால்தான் நம்மால் அவரோடு சண்டை போட முடிகிறது. எஞ்சினோடு சண்டை போட முடியாது. அது தீர்ப்பை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, காரணத்தைக் கொடுக்காமல் எழுந்து போய்விடுகிற நீதிபதி. மேலும் கேட்டால் இன்னும் சில நகர்த்தல்களைக் காட்டும். அவை சாட்சியங்கள்; காரணம் ஆகா. தீர்ப்பு உண்டு, உரை இல்லை.

உரையை எழுத வேண்டியவன் ஆடுகிறவன்தான். குகேஷைச் சிறு வயதில் பயிற்றுவித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, பையன் ஏறக்குறைய 2500 புள்ளியைத் தொடும்வரை எஞ்சினைத் தொடவிடவில்லை. 2500 என்பது கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குக் கேட்கிற அளவு. மற்ற பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பிள்ளை பலகையைப் பார்த்துத் தானே மண்டையை உடைத்துக்கொண்டது. 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆயிற்று. அதனால்தான் ஆயிற்று என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்; எல்லாருக்கும் அதே மருந்து என்றும் சொல்ல மாட்டேன். பிறகு அவரும் எஞ்சினைப் பயன்படுத்தத்தான் செய்தார். உச்சியில் இருப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் வரிசை முக்கியம். தனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டானவனுக்கு யந்திரம் நல்ல எதிர்வாதி. அபிப்பிராயமே உண்டாகாதவனுக்கு அது கோனார் நோட்ஸ்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் பேசவில்லை. மூன்று காரியம் மட்டும் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் எங்கே என்ன நினைத்தாய், எங்கே பயந்தாய் என்று முதலில் நோட்டில் எழுது. அப்புறம் யந்திரத்தைத் திற. அது தப்பு என்று சொன்னால் நம்பிவிடாதே. அந்தத் தப்பையே மறுபடி ஆடி, அது உன்னை எப்படித் தண்டிக்கிறது என்று பார். தண்டனை புரிந்தால் காரணம் புரியும். அது ஒரு நல்ல வழி சொன்னால், இரண்டாவது மூன்றாவது வழிகளுக்கு எவ்வளவு போடுகிறது என்றும் பார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றென்றால் உன் பதினேழு தப்பில் பத்து தப்பே அல்ல.

அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. உபதேசம் செய்பவனின் முகத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். அதற்குள் நண்பர் பலகையை விரித்துவிட்டார். அவருக்கு ஐம்பது வருஷத்துப் பாக்கியை வசூல் செய்தாக வேண்டும். குதிரை செக் சொன்ன நிலையைக் காய் காயாய் வைத்தார். “இப்ப பாரு” என்று ராஜாவை முன்னால் நடத்தினார். பேத்தி கைப்பேசியைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யந்திரக் கணக்குப்படி தோற்க வேண்டியவன் நான். ராணியைக் கொண்டுவந்தேன். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். நண்பரின் நெற்றி வேர்த்தது. ஒன்பதாவது நகர்த்தலில் அவருடைய ராஜா நட்ட நடுப் பலகையில் மேட் ஆகி நின்றது.

“அன்னிக்கும் தோத்தேன், இன்னிக்கும் தோத்தேன்” என்று அவர் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை. காய்களைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தாள்.

“தாத்தா, மெட்ராஸ் தாத்தா ராணியைக் கொண்டாந்தப்போ நீங்க ஏன் இந்தச் சிப்பாயைத் தள்ளினீங்க?”

“பயமா இருந்துதும்மா.”

“எதைப் பாத்து?”

அதற்குமேல் இருவரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் நான் ரயிலுக்குப் புறப்படும்போது அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். சிப்பாயைத் தள்ளியிருக்கக் கூடாது. குதிரையை எடுத்து ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் என் ராணிக்கு நுழைய இடமே இல்லை, ஏனென்றால் என்று விரல்விட்டு மூன்று காரணம் சொன்னாள்.

“போன்ல பாத்தியா?” என்று கேட்டேன்.

“இல்ல தாத்தா. இனிமேதான் பாக்கணும்” என்றாள்.